குழாயில் மறைந்த புனல்: கரமனையாறும் தமிழ் இலக்கியத்தின் நீர் மரபும்

முன்னுரை

தமிழ் இலக்கியத்தில் ஆறுகள் பெற்றுள்ள இடம் பெரிது. வையைக்குப் பரிபாடலும், காவிரிக்குப் பட்டினப்பாலையும் சிலப்பதிகாரமும், பொருநைக்குப் பிற்காலப் புராணங்களும் பள்ளும் உண்டு. ஆற்றைப் பாடுவதற்கென ஒரு மரபே வளர்ந்து நிலைபெற்றுள்ளது. ஆயினும், அம்மரபு எல்லா ஆறுகளையும் ஒன்றுபோல் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரு நகரம் நாள்தோறும் குடிக்கும் ஆறு, அந்நகரில் எழுதப்பட்ட தமிழ்ப் படைப்புகளில் ஏன் குடிநீராகத் தோன்றவில்லை என்னும் வினா இதுவரை போதிய அளவில் எழுப்பப்படவில்லை. திருவனந்தபுரத்தின் குடிநீர் ஆதாரமான கரமனையாற்றை முன்வைத்து அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கரமனையாறு மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், அகத்தியமலைத் தொகுதியைச் சார்ந்த செம்முஞ்சி மொட்டைப் பகுதியில் தோன்றுகிறது. சுமார் 68 கி.மீ. ஓடிக் கோவளத்திற்கு வடக்கே பனத்துறையில் அரபிக் கடலில் கலக்கிறது. மலையடிவாரத்தில் வித்துராவுக்கு அருகே பேப்பாறையிலும், அதற்குக் கீழே அருவிக்கரையிலும் இவ்வாறு தேக்கப்படுகிறது. 1933-இல் அன்றைய வைசிராய் வில்லிங்டன் பிரபுவால் தொடங்கிவைக்கப்பட்ட நீர்வழங்கல் திட்டம் அருவிக்கரையை நகரத்தோடு இணைத்தது. நகரம் பெருகியபோது அந்நீர் போதாமற்போகவே, 1983-இல் பேப்பாறை அணை எழுந்தது. அதே ஆண்டில் அணையைச் சூழ்ந்த 53 சதுர கி.மீ. காடு வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. நகரின் தாகம் ஒரு காட்டின் சட்டநிலையையே மாற்றியது எனலாம்.

பொதியிலின் இரு சரிவுகள்

அகத்தியமலையே தமிழ் மரபு போற்றும் பொதியில். 1868 மீட்டர் உயரமுள்ள இச்சிகரத்தின் கிழக்குச் சரிவில் தாமிரபரணியும், மேற்குச் சரிவில் நெய்யாறு, கரமனையாறு முதலியனவும் நீர் பெறுகின்றன. ஒரே மலையின் இரு பக்கங்களிலும் வழியும் நீரில் ஒரு பக்கத்து நீர் மட்டுமே தமிழின் நினைவில் தங்கியுள்ளது.

இதற்குத் தொன்மமும் ஒரு காரணமாகும். அகத்தியரின் கரகம் கவிழ்ந்து காவிரி பிறந்த செய்தியை மணிமேகலையின் பதிகம் கூறுகிறது. தாமிரபரணியும் அகத்தியரோடு இணைத்தே போற்றப்படுகிறது. முனிவர் பொதியிலில் அமர்ந்து தமிழை ஆராய்ந்தார் என்று கொண்ட உரைமரபு, அவரைக் கிழக்கு நோக்கி அமர்ந்தவராகவே கற்பனை செய்துகொண்டது போலும். பாண்டிநாடு அவர் பார்வையில் விரிகிறது. அவர் முதுகுப்புறத்தில் இறங்கும் ஆறுகளுக்குக் கரகக் கதை இல்லை.

சங்கப் பாடல்கள் இவ்வகையில் அத்துணை ஒருபக்கச் சார்புடையன அல்ல. ஆய் அண்டிரனை முடமோசியார் பாடிய புறப்பாடல்களில் பொதியில் ஒரு முழு மலையாகவே காட்சி தருகிறது. ஆடுமகள் எளிதில் அணுகக்கூடியதும், பெருமிதம் மிக்க மன்னர் அணுகுதற்கு அரியதும் ஆகிய மலை என்று புறநானூற்றின் 128-ஆம் பாடல் அதனைச் சிறப்பிக்கிறது. பிற்காலத்தில் ஆய் மரபினர் மலைக்கு மேற்கே விழிஞ்சம் வரையிலான நிலத்தை ஆண்டனர். கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் பார்த்திவசேகரபுரத்தில் சாலை நிறுவிய கருநந்தடக்கனின் செப்பேடு அதற்குச் சான்றாகும். ஆட்சி மேற்கே சென்றது. பாட்டு உடன் செல்லவில்லை. நம்மாழ்வார் அனந்தபுரத்தைப் பாடிய பதிகத்திலும் மதிலும் பொழிலும் முன்னிற்கின்றன. ஆறு பாட்டின் மையமாகவில்லை.

புதுப்புனல் மரபும் அதன் எல்லையும்

தொன்மம் மட்டுமே இவ்விடுபடலுக்குக் காரணம் என்று கூறி அமைய இயலாது. ஆற்றைப் பார்ப்பதற்குத் தமிழ் வகுத்துக்கொண்ட முறையையும் நோக்குதல் வேண்டும்.

பரிபாடலின் வையை, வெள்ளமாக வருகிறது. மலையில் பெய்த மழை புதுப்புனலாகி நகரை அடைகிறது. மக்கள் நீராடச் செல்கின்றனர். ஊடலும் கூடலும் ஆற்றங்கரையில் நிகழ்கின்றன. பட்டினப்பாலையில் காவிரி, வானம் பொய்ப்பினும் தான் பொய்யாது வயலுக்கு வளம் தருகிறது. ஆகவே ஆறு இரு நிலைகளில் இலக்கியத்திற்குள் நுழைகிறது: ஆடும் நீராகவும், விளைவிக்கும் நீராகவும். மருதத்திணை இவ்விரண்டையும் தன்னுள் அடக்கிக்கொள்கிறது. உண்ணும் நீர் மூன்றாவதாக இருந்தும் அதற்கெனத் தனிப் பாடுபொருள் அமையவில்லை.

இதற்கு விதிவிலக்கென்று கருதத்தக்க இடங்கள் இரண்டு உள்ளன. ஒன்று, குடபுலவியனார் பாடிய புறநானூற்று 18-ஆம் பாடல். நீரின்றி உடம்பு நில்லாது என்று தொடங்கும் புலவரின் வாதம், உணவென்பது நிலத்தொடு கூடிய நீரே என்று நகர்ந்து, நிலம் குழிந்த இடங்களில் நீரைத் தேக்குக என்று பாண்டியனுக்கு அறிவுறுத்துவதில் முடிகிறது. உடம்பில் தொடங்கிய வாதம் வயலுக்குச் சென்றுவிடுவது இங்குக் கருதத்தக்கது. தாகம் என்னும் சொல்லுக்கு இடமிருந்தும் பசியே அதன் இடத்தைப் பெறுகிறது.

மற்றொன்று, பரிபாடல் திரட்டில் உள்ள வையைப் பாடல். நீராடுவோரின் கள்ளும் நறும்பொருள்களும் கலந்தமையால் பார்ப்பார் ஆற்றில் படியாது ஒழிந்தனர் என்றும், தேன் கலந்து நீர் வழுவழுப்புற்றமையால் ஐயர் வாய்பூசவும் இல்லை என்றும் அப்பாடல் கூறுகிறது. ஆற்று நீர் வாய்க்கு உகந்ததா என்னும் கேள்வி தமிழில் வெளிப்படையாக எழும் அரிய இடம் இது. ஆனால், பாடலின் தொனி முறையீடு அன்று, கொண்டாட்டமே. நீர் கெட்டது என்னும் செய்தியே நகரின் செல்வச் செழிப்பைக் காட்டும் அணியாக மாறிவிடுகிறது. இப்பாடலைச் சூழலியல் விழிப்புணர்வின் சான்றாகக் காட்ட முற்படுவோர் இத்தொனியைக் கருத்திற்கொள்ளுதல் வேண்டும். பழந்தமிழர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தனர் என்னும் பொதுக்கூற்றைத் திணைக் கோட்பாட்டிலிருந்து நேரே பெற்றுவிட முடியாது என்பதற்கு இதுவே போதிய சான்றாகும்.

இன்மையின் இலக்கியம்

குடிநீர் தமிழ்ப் புனைகதையிலும் நாடகத்திலும் மையப்பொருளானது 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அசோகமித்திரனின் 'தண்ணீர்' (1973) சென்னைத் தெரு ஒன்றின் வறட்சியை ஜமுனா என்னும் பெண்ணின் வாழ்க்கையோடு பிணைக்கிறது. கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' (1980) அத்திப்பட்டி என்னும் கரிசல் ஊரின் தாகத்தை அரசியல் நாடகமாக்குகிறது. அடுத்த ஆண்டே அது திரைப்படமுமாயிற்று. கந்தர்வனின் 'தண்ணீர்' சிறுகதையில், ஊர்ப் பெண்கள் பயணிகள் ரயிலில் ஏறி நீர் பிடிக்கின்றனர். ரயில் புறப்பட்டுவிடவே, அதிலேயே சென்றுவிட்ட பெண் குடத்து நீரோடு தண்டவாளம் வழியே நடந்து திரும்புகிறாள்.

மூன்று ஆசிரியர்களும் ஒரே சொல்லைத் தலைப்பில் ஆண்டிருப்பது தற்செயலாகலாம். மூன்று படைப்புகளிலும் நீர் இல்லை என்பது தற்செயலன்று. குடிநீர் இல்லாதபோதே அது கதையாகிறது. குடம், வரிசை, சண்டை, நடை ஆகிய நிகழ்ச்சிகள் இன்மையிலிருந்து பிறக்கின்றன. குழாயைத் திறந்தவுடன் நீர் வரும் வீட்டில் நிகழ்ச்சி இல்லை. ஆகவே கதையும் இல்லை.

மற்றொரு பொதுக்கூறும் இப்படைப்புகளில் உண்டு. நீரைத் தேடி நடப்பவர் பெண்களே. புதுப்புனல் மரபில் ஆறு, மகளிர் ஆடிக் களித்த இடம். இன்மையின் இலக்கியத்தில் நீர், மகளிர் சுமக்கும் பாரம். ஆயினும் இப்படைப்புகள் நீர் வரும் திசையை நெடுந்தொலைவு பின்தொடர்வதில்லை. அவற்றின் அறச்சீற்றம் வழங்குவோரை நோக்கியது. நீர் எங்கே பிறந்தது, அங்கே யார் வாழ்ந்தனர் என்பது அவற்றின் வினா அன்று. இதனைக் குறையாகக் கூறுவதினும், நகர்சார் பார்வையின் எல்லையாகக் கொள்வதே பொருத்தமாகும்.

திருவனந்தபுரத் தமிழ்ப் படைப்புகளில் ஆறு

மேற்கண்ட கருத்தைத் திருவனந்தபுரத்தில் வைத்துச் சோதித்தல் இயலும். இந்நகரின் தமிழ் எழுத்து நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உடையது. மகாராஜா கல்லூரிப் பேராசிரியராகத் திகழ்ந்த பெ. சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' 1891-இல் வெளிவந்தது. அதில் நடராசன் புல்லையும் வாய்க்காலையும் நாங்கூழ்ப் புழுவையும் கண்டு வியந்து பேசும் பகுதி பலரும் அறிந்தது. நீர் ஓயாது உழைக்கும் ஒன்றாக அங்குக் காணப்படுகிறது. நீரை உழைப்பாகக் கண்ட அப்பார்வை தமிழுக்குப் புதியது. எனினும், அவ்வுழைப்பும் வாய்க்கால் வழியே வயலுக்கே செல்கிறது. அருவிக்கரைத் திட்டம் வர இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த காலம் அது என்பதையும் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

நீல பத்மநாபனின் 'பள்ளிகொண்டபுரம்' (1970) நகரத்தையே பாத்திரமாக்கிய நாவல். அனந்தன் நாயரின் நினைவோட்டம் கோயிலையும் கோட்டையையும் தெருக்களையும் சுற்றி வருகிறது. பாற்கடலில் பள்ளிகொண்டவனின் பெயரால் அமைந்த தலைப்பில் நீர் உறைந்திருந்தும், நகருக்கு நீர் தரும் மலை நாவலின் பார்வை எல்லைக்குள் வரவில்லை. நாவலாசிரியர் அதனை மறந்தார் என்பது பொருளன்று. 1970-இல் அந்நகரின் நடுத்தர வீடுகளுக்கு நீர் ஒரு சிக்கலாக இருக்கவில்லை என்பதே பொருள். அசோகமித்திரனின் சென்னைக்கும் நீல பத்மநாபனின் திருவனந்தபுரத்திற்கும் இடையே ஆண்டு இடைவெளி மூன்றே. ஒன்றில் நீரே தலைப்பு. மற்றொன்றில் அது பேசப்படும் பொருளே அன்று. இவ்வேறுபாட்டை ஆசிரியர்களின் மனப்பாங்கால் மட்டும் விளக்க இயலாது. கரமனையாறு தடையின்றி வழங்கியதன் இலக்கிய விளைவு இது.

சாலைக் கடைத்தெருவின் கதைசொல்லியான ஆ. மாதவன் இவ்வரிசையில் தனித்து நிற்கிறார். அவரது 'புனலும் மணலும்' (1974) ஆற்றில் மணல் வாரும் தொழிலாளரின் வாழ்க்கையைக் களமாகக் கொண்டது. அங்குசாமிக்குத் தன் மனைவியின் மகளான பங்கியின்மீது உள்ள காரணமற்ற வெறுப்பே நாவலின் அச்சு. மனித மனத்தின் இருளைக் காட்டும் உளவியல் நாவலாகவே இது பெரிதும் மதிப்பிடப்பட்டுள்ளது. அம்மதிப்பீடு தவறன்று, ஆனால் முழுமையானதும் அன்று. தலைப்பு இரண்டு பொருள்களை இணைத்துள்ளது. புனல் ஓடிப் போவது. மணல் தங்கி நிற்பது. அங்குசாமியின் பிழைப்பு, தங்கி நிற்பதை அகற்றுவதில் உள்ளது. ஆற்றங்கரையில் வாழ்ந்து, ஆற்றையே கூலியாக உண்ணும் ஒருவனின் வாழ்வில் வெறுப்பும் அவ்வாறே படிந்து கிடக்கிறது; அதனை வாரி எறிய அவனால் இயலவில்லை. களத்தையும் உளவியலையும் பிரித்து வாசித்தால் இவ்வுறவு புலப்படாது.

நாவல் வெளிவந்த காலத்தில் மணல் வாருதல் பெரிதும் கைவினையாகவே இருந்தது. பின்னர்க் கட்டடப் பெருக்கத்தால் கேரள ஆறுகளின் படுகை தாழ்ந்து, கரையோரக் கிணறுகளின் நீர்மட்டமும் இறங்கியது. மணல்தான் ஆற்றின் நீரைப் பிடித்துவைத்து மெல்ல விடுகிறது. அது போனால் வெள்ளமும் வறட்சியும் மாறிமாறி வருகின்றன. 2001-இல் கேரளம் ஆற்றங்கரைப் பாதுகாப்புக்கும் மணல் அகற்றலை முறைப்படுத்தவும் சட்டம் இயற்ற நேர்ந்தது. இன்று அந்நாவலை வாசிப்பவர்க்கு அங்குசாமியின் கைகளில் உள்ள கூடை முன்னில்லாத கனத்தைப் பெறுகிறது. படைப்பு மாறவில்லை; அதனைச் சூழ்ந்த உலகம் மாறிப் படைப்பின் பொருளை விரித்துள்ளது.

கிள்ளியாற்றைக் கடந்த கண்ணகி

எழுத்திலக்கியம் விட்ட இடத்தை வாய்மொழி மரபு ஓரளவு நிரப்பியுள்ளது. கரமனையாற்றின் கிளையாறு கிள்ளியாறு. நெடுமங்காட்டுப் பகுதியில் தோன்றி நகரின் ஊடே வந்து கலக்கும் இதன் கரையில் ஆற்றுகால் பகவதி கோயில் உள்ளது. முல்லுவீட்டுக் காரணவர் ஆற்றில் நின்றபோது சிறுமி ஒருத்தி அக்கரை சேர்க்குமாறு வேண்டினாள். அவளே மதுரையை எரித்துக் கொடுங்கல்லூர் நோக்கிச் சென்ற கண்ணகி என்பது தலமரபு. விழாவில் பாடப்பெறும் தோற்றம்பாட்டு கண்ணகி கதையை முழுமையாக உரைக்கிறது.

இளங்கோவடிகளின் கண்ணகி, வையைக் கரை வழியே மேற்கு நோக்கி நடந்து மலைநாட்டை அடைகிறாள். காப்பியத்தில் ஆறு அவளுக்கு வழிகாட்டி; தலமரபில் ஆறு அவள் கடக்க வேண்டிய தடை. வையைக் கரையில் துணையின்றி நடந்தவள், கிள்ளியாற்றில் துணை வேண்டுகிறாள். சினத்தின் தெய்வம் இங்கே சிறுமியாகிறாள். அம்மாற்றம் ஓர் ஆற்றின் நடுவே நிகழ்வது நோக்கத்தக்கது. சிலப்பதிகார ஆய்வுகள் வஞ்சி எது என்னும் வினாவுக்குச் செலவிட்ட பக்கங்களில் ஒரு சிறுபகுதியையேனும் இவ்வாறுகளுக்குச் செலவிட்டிருக்கலாம்.

இன்று அக்கதையின் மேல் மற்றொரு அடுக்கு சேர்ந்துள்ளது. கும்ப மாதத்தில் நடைபெறும் பொங்காலையில் பெண்கள் இலட்சக்கணக்கில் கூடி நகரத் தெருக்களில் மண்பானையில் பொங்கலிடுகின்றனர். 2009-இல் சுமார் 25 இலட்சம் பெண்கள் கூடியமை கின்னஸ் பதிவு பெற்றது. பானைக்கு நீர் கிள்ளியாற்றிலிருந்து எடுக்கப்படுவதில்லை. நகரக் கழிவுகளைச் சுமக்கும் அந்த ஆறு அதற்குரிய நிலையில் இல்லை. குடிநீர் வாரியம் ஆண்டுதோறும் அமைக்கும் தற்காலிகக் குழாய்களிலிருந்தே நீர் பிடிக்கப்படுகிறது. அந்நீர் அருவிக்கரையிலிருந்து வருவது. ஆகவே தேவி கடந்த ஆறு அருகில் ஓடிக்கொண்டிருக்க, அவளுக்குப் பொங்கும் நீர் மலையிலிருந்து இரும்புக் குழாய் வழியே வருகிறது. ஆறு கதையில் நிலைத்துப் பயன்பாட்டில் இறந்துள்ளது. நீர் பயன்பாட்டில் நிலைத்துக் கதையின்றி உள்ளது. இக்கட்டுரை முன்வைக்கும் சிக்கல் முழுவதும் அந்தப் பானையில் அடங்கியிருக்கிறது.

இதே பிளவை ஆற்றின் முகத்துவாரப் பகுதியிலும் காணலாம். திருவல்லம் பரசுராமர் கோயிலருகே கர்க்கடக வாவு நாளில் மக்கள் முன்னோர்க்கு நீர்க்கடன் செய்கின்றனர். மேலே உயிரோடிருப்போர் குடிக்கும் நீர், கீழே இறந்தோர்க்கு அளிக்கப்படுகிறது. இரண்டும் ஒரே ஆறு என்னும் உணர்வு இடையில் உள்ள நகரத்தில் தொலைந்துவிடுகிறது.

மேல்நீர் மக்கள்

பேப்பாறைக் காட்டில் காணிக்காரர் குடியிருப்புகள் உள்ளன. வித்துராவை அடுத்த போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் தமிழ் பேசும் தொழிலாளர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துள்ளன. இவ்விரு மக்களும் நகரத்து நீரின் பிறப்பிடத்தில் இருப்பவர்கள். தமிழ்ப் புனைகதையில் மலைமக்கள் வராமலில்லை. ஜெயமோகனின் 'காடு' (2003) தென்மலைக் காட்டை முதன்மைக் களமாகக் கொண்டது. ஆயினும் அங்கும் மலை, நீலி என்னும் பெண்வழியே குறிஞ்சியாகவும் இழந்த இளமையாகவும் உருக்கொள்கிறது. மலையைக் காதலின் நிலமாகக் காணும் மரபு அத்துணை வலிமையுடையது. மலை ஒரு நகரின் நீர்க்கலம் என்னும் உண்மைக்குத் திணைமரபில் முதற்பொருளாக இடமிருந்தும் உரிப்பொருள் கிடைக்கவில்லை.

காணிக்காரரின் வாய்மொழிச் செல்வத்தில் கொக்கரை என்னும் இரும்பு இசைக்கருவியோடு பாடப்படும் சாற்றுப்பாட்டு குறிப்பிடத்தக்கது. தமிழும் மலையாளமும் விரவிய அவர்தம் பேச்சு, இரு மொழித் துறைகளுக்கும் இடையே விடுபட்டுப்போகும் இயல்புடையது. தமிழாய்வாளர் அதனை மலையாளத்தின்பாலும், மலையாள ஆய்வாளர் தமிழின்பாலும் தள்ளிவிடுவதற்கு வாய்ப்பு மிகுதி.

இம்மக்களின் அறிவுக்கு ஒருமுறை பங்கு கணக்கிடப்பட்டதுண்டு. 1987-இல் அகத்தியமலையில் ஆய்வு செய்த அறிவியலாளர் குழு, வழிகாட்டிய காணிக்காரர்கள் களைப்பு நீங்க உண்ட ஆரோக்கியப்பச்சை என்னும் தாவரத்தை அறிந்தது. பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கி, வருவாயில் ஒரு பகுதி காணிக்காரரைச் சேருமாறு செய்தது. 1997-இல் அதற்கென அறக்கட்டளையும் பதிவாயிற்று. நடைமுறையில் குறைகள் கூறப்பட்டபோதிலும், கடன் உண்டு என்னும் ஒப்புதல் அதில் இருந்தது. ஒரு செடிக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட கடன், அதே காட்டிலிருந்து நாள்தோறும் இறங்கும் நீருக்கு எம்மொழியிலும் கூறப்படவில்லை. கடனைக் கூறுதல் சட்டத்தின் பணி மட்டுமன்று, இலக்கியத்தின் பணியுமாகும்.

முடிவுரை

தமிழ் இலக்கியம் ஆற்றை ஆடும் நீராகவும் விளைவிக்கும் நீராகவும் பாடியது. குடிக்கும் நீரை அதன் இன்மையில் மட்டுமே எழுதியது. தொன்மத்தில் கிழக்குச் சரிவுக்கே இடம் கிடைத்ததும், திருவனந்தபுரத்துக்குத் தட்டுப்பாடு வராதிருந்ததும் கரமனையாற்றை இலக்கியத்தின் கண்ணிலிருந்து மறைத்தன. ஆ. மாதவனின் நாவலும் ஆற்றுகால் மரபும் இம்மறைவில் உள்ள இரு திறப்புகள்.

ஆனால் தட்டுப்பாடு இனி வராது என்பதற்கு உறுதி இல்லை. 2017 கோடையில் பேப்பாறையின் நீர்மட்டம் தாழ்ந்தபோது, நெய்யாற்று நீர்த்தேக்கத்திலிருந்து நீரை இறைத்து அருவிக்கரைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. 2024 செப்டம்பரில் இருப்புப்பாதைப் பணிக்காகக் குழாய்களை இடம்மாற்றியபோது நகரின் பல பகுதிகளில் சில நாள்கள் நீர் நின்றது. முன்னது ஆறு வற்றிய இன்மை. பின்னது ஆறு இருந்தும் நேர்ந்த இன்மை. பின்னதற்குத் தமிழில் முன்மாதிரி இல்லை.

இன்மை வந்த பிறகு அத்திப்பட்டியைப்போல் எழுதுவது எளிது. அதற்கு மரபு உண்டு. நீர் இருக்கும்போதே அதன் வழியை மேல்நோக்கி நடந்து எழுதுவதே இனிச் செய்யவேண்டிய பணி. அதற்கு முன்னதாக, பேப்பாறையைச் சூழ்ந்த குடியிருப்புகளின் பாடல்களும் போனக்காட்டுத் தோட்டத் தமிழரின் நினைவுகளும் தொகுக்கப்பெறுதல் வேண்டும். வித்துரா, திருவனந்தபுரத்தின் தமிழ்த்துறைகளிலிருந்து ஒருநாளில் சென்று திரும்பக்கூடிய தொலைவிலேயே உள்ளது. அம்முதியோர் இன்னும் பாடக்கூடிய காலமும் அதைப்போல் அருகிலேயே முடிந்துவிடும் என்பதை ஆய்வுலகம் கருத்திற்கொள்ளுதல் நலம்.